பிஆர்பி ஊசி போடச் சொல்லிவிட்டார்களா? கையை நீட்டும் முன் கேட்க வேண்டியவை

பெரியம்மாவின் முட்டிக்கு பிஆர்பி ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: "ஏட்டி, என் ரத்தத்த எடுத்து எனக்கே விக்கானுவளா?"

ஒரு வகையில் அதுதான் நடக்கிறது. பிஆர்பி என்றால் பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா, நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணு செறிந்த திரவம். ரத்தம் நம்முடையது, அதைச் சுழற்றிப் பிரித்துத் தருவதற்குத்தான் காசு. நான் பாளையங்கோட்டையில் பதினான்கு வருடமாக பிசியோ. இந்த ஊசிகளைப் போடுவது டாக்டர் வேலை, போட்டுக்கொண்டு வருகிறவர்களை நடக்கவைப்பது என் வேலை. நன்றாக ஆகிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்து மூன்று ஊசி போட்டுவிட்டு அதே வலியோடு வந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டாவது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வியாதி என்று சரியாகத் தெரிந்திருக்காது. மீதிப் பேருக்கு ஊசிக்குள் என்ன இருந்தது என்று தெரிந்திருக்காது. அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் எந்த வரிசையில் போகலாம் என்று எழுதுகிறேன். போடலாமா வேண்டாமா என்பதை உங்களைப் பார்த்த டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு மட்டும் இந்தக் கட்டுரை.

முதல் படி: வலிக்கு ஒரு பெயர் வாங்குங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "ஜவ்வு" என்று ஒரே சொல் வைத்திருக்கிறோம். முட்டியில் ஜவ்வு கிழிஞ்சிருக்கு, தோளில் ஜவ்வு தேஞ்சிருக்கு, முதுகில் ஜவ்வு விலகிருக்கு. எந்த ஜவ்வு என்று கேட்டால் பதில் வராது. கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் மருந்து அதைப் பொறுத்துத்தான் மாறும்.

எலும்பையும் எலும்பையும் கட்டிவைப்பது தசைநார், டாக்டர்கள் லிகமென்ட் என்பார்கள். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அதாவது டெண்டன். எலும்பு முனையில் இளநீர் வழுக்கை மாதிரி வழுவழுவென்று படிந்திருப்பது குருத்தெலும்பு. முட்டிக்குள் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உண்டு, அவை மெனிஸ்கஸ்.

இவற்றில் ரத்த ஓட்டம் எதற்கு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. பெரியவர்களின் மெனிஸ்கஸில் வெளி ஓரத்தில் மட்டும் உண்டு. தசைநாணில் குறைச்சல். அரிவாள்மணையில் வெட்டிக்கொண்ட விரல் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது, முழங்கை வலி ஒரு வருடம் இழுக்கிறது என்றால் காரணத்தில் ஒரு பங்கு இதுதான். காயத்தை ஆற்றும் சரக்கு ரத்தத்தில் வருகிறது. அது தானாகப் போகாத இடத்துக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பதுதான் இந்த வகைச் சிகிச்சைகளின் அடிப்படை யோசனை.

முட்டித் தேய்மானம் என்று சொன்னால் எந்த கிரேடு என்று கேளுங்கள். 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. நான்கு என்றால் எலும்போடு எலும்பு உரசும் நிலை. எக்ஸ்ரேயை நின்றபடி எடுத்தார்களா என்றும் பாருங்கள். படுக்கவைத்து எடுத்த படத்தில் உடல் எடை முட்டியில் இறங்காததால் இடைவெளி தாராளமாகத் தெரியும், கிரேடு குறைத்துச் சொல்லப்படும்.

எம்ஆர்ஐ பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் படத்தில் மெனிஸ்கஸ் கிழிசல் தெரியும். படத்தில் கிழிசல் இருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. கையால் தொட்டு, மடக்கி, அழுத்திப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஊசி சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பில்லை.

இரண்டாம் படி: ஊசிக்குள் இருப்பது என்ன?

பிஆர்பி என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். டெங்கு புண்ணியத்தில் தட்டணு என்றால் என்னவென்று நமக்கு நன்றாகவே தெரியும். "பிளேட்லெட் எவ்ளோ இருக்கு?" என்று வார்டு வாசலில் நின்று கேட்டு, பப்பாளி இலையைத் தேடி அலைந்தவர்கள்தானே நாம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய அதே தட்டணுதான். ரத்தத்தை உறையவைப்பது அதன் ஒரு வேலை. காயம் பட்ட இடத்தில் உடைந்து, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைக் கொட்டி, "இங்கே வேலை இருக்கிறது, வாருங்கள்" என்று மற்ற செல்களை அழைப்பது இன்னொன்று. ரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களை ஒதுக்கி, தட்டணுக்களை மூன்று நான்கு மடங்கு அடர்த்தியாக்கிய மஞ்சள் திரவம்தான் பிஆர்பி.

எல்லா இடத்து பிஆர்பியும் ஒன்றல்ல. ஓர் இடத்தில் இரண்டு மடங்கு, இன்னோர் இடத்தில் ஆறு மடங்கு. வெள்ளையணுக்களோடு சேர்த்து எடுப்பது ஒரு வகை, விலக்கி எடுப்பது இன்னொரு வகை. முட்டிக்குள் போட பெரும்பாலும் வெள்ளையணு குறைந்ததைத்தான் விரும்புகிறார்கள், அது மூட்டைக் குறைவாக எரிச்சலூட்டும் என்பதால். "எத்தனை மடங்கு அடர்த்தி, வெள்ளையணு இருக்கா இல்லையா, இதற்கென்றே வரும் கிட்டா அல்லது சாதாரண டியூபா?" என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

மற்ற சரக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சிச் செறிவாக்கிப் போடுவது ஒன்று. உங்கள் குருத்தெலும்பில் ஒரு துணுக்கை எடுத்து, லேபில் சில வாரம் வளர்த்து, குழி விழுந்த இடத்தில் திரும்ப வைப்பது இன்னொன்று. 1994-இல் ஸ்வீடனில் 23 பேருக்குச் செய்த முடிவுகளை வெளியிட்டதிலிருந்து அது பிரபலமானது. அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்த இளம் வயதுக்காரர்களுக்குத்தான் அது. மொத்த முட்டியும் தேய்ந்த அறுபது வயதுக்கு அல்ல. ரத்தத்தை இளஞ்சூட்டில் வைத்துச் சீரம் எடுத்துப் போடும் ஜெர்மன் முறை ஒன்றும் உண்டு. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2011-இல் அதற்காகவே ட்யூசல்டார்ஃப் போய் வந்தார்.

ஸ்டீராய்டு ஊசியும் "ஜெல்" என்று சொல்லப்படும் ஹயலுரானிக் ஆசிட் ஊசியும் இந்தக் கணக்கில் வராது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் முட்டியில் போட்டுப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், வெறும் உப்புநீர் போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது. 2017-இல் வந்த முடிவு. ஒரு தடவை போட்டால் குடி முழுகிப் போகாது. வருடக்கணக்கில் "சும்மா ஒண்ணு போட்டு விடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: உங்கள் வியாதிக்கு இது எடுபடுமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எந்த ஆய்வைப் பற்றிச் சொன்னாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எதோடு ஒப்பிட்டார்கள்?

டென்னிஸ் எல்போவை, அதாவது முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் தசைநாண் வலியை, எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் ஆடி வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தையல்காரர்கள், கொத்தனார்கள், துணி பிழிகிற பெண்கள்தான் வருவார்கள். 2010-இல் நெதர்லாந்தில் 100 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு, மறுபாதிக்கு பிஆர்பி போட்டார்கள். முதல் சில வாரம் ஸ்டீராய்டு போட்டவர்கள் சுகமாக இருந்தார்கள். பிறகு அவர்கள் வலி திரும்பியது. பிஆர்பி போட்டவர்கள் மெல்ல மெல்லத் தேறி, ஒரு வருடம் கழித்து முந்திவிட்டார்கள், இரண்டு வருடம் கழித்தும் அப்படியே. விளம்பரங்களில் காட்டுவது இந்த மாதிரி ஆய்வுகளைத்தான். ஆனால் மருந்தே இல்லாத உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, முழங்கை வலிக்கு பிஆர்பியால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை என்றது. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். டென்னிஸ் எல்போ பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே தணியும் வலி. வலி அப்படி இயற்கையாக ஆறுவதை ஸ்டீராய்டு கெடுத்திருந்தால், அதோடு நிற்கவைத்துப் பார்க்கும்போது எதுவும் நல்லதாகத்தான் தெரியும்.

முட்டித் தேய்மானத்திலும் இதே இழுபறி. சண்டிகரின் பிஜிஐ மருத்துவமனையில் 78 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம்வரை உப்புநீரைவிட பிஆர்பி நன்றாகவே வேலை செய்தது. ஒரு ஊசி போட்டவர்களுக்கும் இரண்டு போட்டவர்களுக்கும் வித்தியாசமில்லை என்பதையும் கவனியுங்கள்; "மூணு போட்டாத்தான் கேக்கும்" என்று யாராவது சொன்னால் இது ஞாபகம் வரட்டும். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் உப்புநீருக்கும் பிஆர்பிக்கும் வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் தயாரித்த பிஆர்பியில் தட்டணு அடர்த்தி குறைவு என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. முடிந்த விஷயம் ஒன்று உண்டு: தேய்ந்துபோன குருத்தெலும்பு பிஆர்பியால் புதிதாக முளைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் வைத்து "பாருங்கள், வளர்ந்துவிட்டது" என்று காட்டினால், இரண்டு எக்ஸ்ரேயும் ஒரே நிலையில் நின்று எடுத்தவையா என்று கேட்டுப் பாருங்கள்.

குதிகால் நாண் வலிக்கு 2010-இல் 54 பேரிடம் ஓர் ஆய்வு, 2021-இல் 240 பேரிடம் ஓர் ஆய்வு. இரண்டிலும் பிஆர்பி தோற்றது. முழுவதும் அறுந்த, முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏசிஎல், பிஆர்பி ஊசியால் ஒட்டாது. கயிறு அறுந்து இரண்டு முனையும் தனித்தனியே தொங்கும்போது பசையை மேலே ஊற்றி என்ன பயன்.

என் கணக்கை நேரடியாகச் சொல்கிறேன், இது என் அபிப்பிராயம் மட்டுமே. முட்டித் தேய்மானம் கிரேடு 2 அல்லது 3. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி குறையவில்லை. கடன் வாங்காமல் கட்டுப்படியாகும். இந்த மூன்றும் இருந்தால் ஒருமுறை முயன்று பார்க்கலாம். கிரேடு 4-க்கு அந்தப் பணத்தைச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. மூட்டு மாற்று அறுவைசிகிச்சை காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே நடக்கும் மாநிலம் இது.

எலும்பு கூடாதவர்களுக்கு

இது கொஞ்சம் வேறு பாதை. பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு முறிந்து, ஆணி வைத்து, ஒன்பது மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. கால் எலும்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் சதைப்போர்வை குறைவு, ரத்த வரத்தும் குறைவு, அதனால் அங்கே கூடுவது எப்போதும் தாமதம். ஆனால் செல் சிகிச்சையைத் தேடும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா? முறிந்த இடம் இன்னும் ஆடுகிறதா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? பீடி, சிகரெட் விட்டாச்சா? கடைசிக் கேள்விக்கு மனைவி முன்னால் ஒரு பதிலும் தனியாக ஒரு பதிலும் வரும். தனியாகக் கேளுங்கள்.

இவற்றைச் சரிசெய்த பிறகும் கூடாதவர்களுக்கு, இடுப்பெலும்பிலிருந்து எலும்பையே எடுத்து வைப்பதுதான் இன்றைக்கும் முதல் தேர்வு. மஜ்ஜை ஊசிக்கும் இங்கே நல்ல பெயர் உண்டு. பிரான்சில் எர்னிகூ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், கால் எலும்பு கூடாத 60 பேருக்குச் செறிவாக்கிய மஜ்ஜையைச் செலுத்தி, 53 பேருக்குக் கூடியதாக 2005-இல் எழுதினார். மஜ்ஜையில் எலும்பு உண்டாக்கும் செல்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பலன் கூடியது. மஜ்ஜையை உறிஞ்சி அப்படியே போடுவதற்கும் செறிவாக்கிப் போடுவதற்கும் அதனால்தான் வித்தியாசம்.

புத்தூர் கட்டு போட்டுவிட்டு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. சாதாரண முறிவு கட்டில் கூடுவதும் உண்டு. கோணலாகக் கூடிய எலும்பை மட்டும் எந்த ஊசியும் நேராக்காது.

நான்காம் படி: "ஸ்டெம்செல்" என்ற சொல் வந்தால் நில்லுங்கள்

ஸ்டெம்செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். பிஆர்பியில் ஸ்டெம்செல் கிடையாது. இரண்டையும் கலந்து பேசும் இடத்தில் அந்த நிமிடமே உஷாராகிவிடுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம்செல் சிகிச்சைகள் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டும்தான் நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஒரு விதிவிலக்கு சொல்லலாம்: கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து பெங்களூரு நிறுவனம் ஒன்று வளர்த்த செல் ஊசிக்கு, முட்டித் தேய்மானத்துக்காக 2022-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. அது ஒரு குறிப்பிட்ட தயாரிப்புக்கான அனுமதி. அதைக் காட்டி, கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்ததாகச் சொல்லும் வேறு எதையும் விற்க முடியாது.

ஆகவே மூன்றே கேள்விகள். இது அனுமதி பெற்ற மருந்தா, அதன் பெட்டியையும் லேபிளையும் காட்ட முடியுமா? ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டில் சிடிஆர்ஐ என்று தொடங்கும் பதிவு எண் எது? ஆய்வு என்றால் ஏன் பணம் கேட்கிறீர்கள்? பதிவு எண்ணை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2018-இல் அமெரிக்காவில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்ததாக விற்ற ஊசியைப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் போனவர்கள் அவர்கள்.

ஐந்தாம் படி: பணம் பேசுங்கள்

வெட்கப்படாமல் பேசுங்கள். ரத்தம் எடுப்பது, கிட், ஸ்கேன் பார்த்துப் போடுவது, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை ஊசி, முதல் ஊசியிலேயே பலன் தெரியாவிட்டால் அடுத்ததைப் போட வேண்டுமா என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்று ஊசிக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் நான் கட்ட மாட்டேன். வலி குறைந்தால்தானே அடுத்தது? பல காப்பீட்டில் இது வராமல் போகலாம். கார்டைக் காட்டி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: ஊசிக்கு முந்தைய வாரம்

வலி மாத்திரையை நிறுத்துவதுதான் முக்கியம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலிக்கு ரெண்டு நாள் செட்" என்று காகிதத்தில் மடித்துத் தருவதில் பெரும்பாலும் இவைதான் இருக்கும், ஸ்டீராய்டும் இருக்கலாம். பாராசிட்டமால் எடுக்கலாம்.

இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளைகூடத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரைக் கேட்டபின்தான் எதுவும். முட்டி வலியோடு வாழலாம்.

தட்டணு குறைந்தவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், காய்ச்சலோ ஊசி போடும் இடத்தில் புண்ணோ இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும். டெங்கு வந்து எழுந்தவர்கள் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்காமல் போகவே கூடாது. சர்க்கரைக்காரர்கள் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, பிசியோவாக என் பிடிவாதம். ஊசிக்கு முந்தைய நாள் உங்கள் இன்றைய நிலையை எழுதி வையுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி? எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது? ராத்திரி வலியால் விழிப்பு வருகிறதா? பெரியம்மா இதை தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பூஜை அறையில் செருகி வைத்தாள்.

ஏழாம் படி: அந்த நாள்

பெரியம்மாவுக்கு முழங்கை மடிப்பில் 30 மில்லி ரத்தம் எடுத்தார்கள். உறையாமலிருக்க மருந்து கலந்த டியூபில் ஊற்றி, மூடி, மையவிலக்கு இயந்திரத்தில் எதிரெதிரே சமமாக வைத்தார்கள். எடை சரியாக இல்லாவிட்டால் இயந்திரம் துணி ஒரு பக்கம் ஒதுங்கிய வாஷிங் மெஷின் மாதிரி குதிக்கும். வெளியே எடுத்தபோது டியூபில் மூன்று அடுக்கு: அடியில் கரும்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு, நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "தயிர்ல வெண்ணெ எடுக்க மாரிலா இருக்கு" என்றாள். டெக்னீஷியன் சிரித்துவிட்டார். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் தட்டணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கோட்டைக் கலைக்காமல் மேலே இருந்து உறிஞ்சுவது கைப்பழக்கம். இரண்டாவது முறையும் சுழற்றிய பிறகு மிஞ்சியது ஐந்து மில்லி, ஒரு தேக்கரண்டி அளவு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. டியூபில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு பேர் ரத்தம் சுழன்றால் இது விளையாட்டல்ல. ஊசியும் சிரிஞ்சும் உங்கள் முன்னால் பிரித்தார்களா? தசைநாணில் போடுவதானால் ஸ்கேன் பார்த்துப் போடுகிறார்களா? முட்டிக்குள் கைத்தடவலிலேயே போட்டுவிடுவார்கள். தோள், குதிகால் என்றால் அல்ட்ராசவுண்டு இல்லாமல் குறி தவறும். மரத்துப்போகும் மருந்தைத் தோலில் மட்டும் போட்டால் நல்லது, பிஆர்பியோடு கலப்பதைப் பல டாக்டர்கள் தவிர்க்கிறார்கள்.

பைக்கில் தனியாகப் போகாதீர்கள். திரும்பி ஓட்டிவர யாராவது வேண்டும்.

எட்டாம் படி: ஊசிக்கு அப்புறம்

முதல் இரண்டு மூன்று நாள் வலி முன்பைவிட அதிகமாகும். இதை யாரும் சொல்லாததால்தான் பாதிப் பேர் அன்று ராத்திரியே பழைய வலி மாத்திரையை விழுங்கிவிடுகிறார்கள். காயம் ஆறும்போது வரும் வீக்கத்தையும் சூட்டையும், அதாவது அழற்சியை, தூண்டத்தான் ஊசி போட்டது. அதை அடக்கும் மாத்திரையைப் போட்டால் போன காசு போனதுதான். பாராசிட்டமால், ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது போதும். இரண்டு வாரமாவது மற்ற வலி மாத்திரைகள் வேண்டாம் என்பார்கள்.

நாள் போகப் போக வலி ஏறினாலோ, மூட்டு சுட்டு வீங்கினாலோ, காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அது வேறு கதை. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள்.

என்னிடம் ஒரு பரோட்டா மாஸ்டர் வந்தார். வலது முழங்கை, இரண்டு மாதம் பயிற்சிக்குப் பின் டாக்டர் பிஆர்பி போட்டார். ஐந்தாம் நாள் வலி குறைந்தது. ஆறாம் நாள் கடையில் ஆள் இல்லை என்று முதலாளி கூப்பிட, போய் மாவை அடித்து வீசியிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை பரோட்டா என்று கேட்டேன். "சனி ஞாயிறுன்னா ஐநூறு இருக்கும் மேடம்." இரண்டாவது வாரம் தேநீர் டம்ளரைத் தூக்க முடியாமல் வந்தார். ஊசியைக் குறை சொல்வதா, முதலாளியையா? ஊசிக்கு முன்பே வேலையில் ஆறு வாரம் ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லாத எங்களையும்தான் சொல்ல வேண்டும். இப்போது நான் முதல் நாளே கேட்கும் கேள்வி, "உங்க இடத்துல யார் நிப்பா?"

பயிற்சிகளின் பொதுவான போக்கு இதுதான், உங்கள் பிசியோ உங்களுக்கேற்ப மாற்றுவார். மூன்றாம் நாளிலிருந்து மூட்டை மெதுவாக மடக்கி நீட்டுவது. இரண்டாம் வாரத்திலிருந்து வலுவூட்டும் பயிற்சி. முட்டிக்கு, மல்லாந்து படுத்து காலை நேராக ஒரு சாண் தூக்கிப் பத்து எண்ணுவது; பிறகு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று முறை; வலி பொறுத்து நாற்காலியின் உயரத்தைக் குறைப்பது. முழங்கைக்கு, முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையால் மேலே தூக்கி, ஐந்து எண்ணும் நேரத்தில் தானாக மெதுவாக இறக்குவது. இறக்குவதுதான் மருந்து.

குதிகால் நாணுக்கு ஸ்வீடனின் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இன்றும் செல்லும்: படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, பதினைந்து தடவையாக மூன்று சுற்று, முட்டியை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. சலிப்பாகத்தான் இருக்கும். ஊசி தோற்ற அதே நாணில் இந்த சலிப்பு பலரை நடக்கவைத்திருக்கிறது, மாடிப்படியைத் தவிர வேறு செலவில்லை.

பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்றாம் மாதம் அந்தக் காலண்டர் தாளை எடுத்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். எண்கள் மாறியிருந்தால் பயிற்சியைத் தொடருங்கள். மாறாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு முன் நோயறிதலையே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு மூன்று மாதம் முடிந்தது. வத்தல் காயப்போட மாடிக்குப் போகும் பதினாறு படியில் ஏழாவதில் நின்றவள், இப்போது நிற்காமல் ஏறுகிறாள்; இறங்கும்போது கைப்பிடி வேண்டும். தரையில் சம்மணம் போட இன்னும் முடியவில்லை. வேலை செய்தது ஊசியா, நாற்காலியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டாவது ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்டதற்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்: "நாக்காலி போதும், அதுக்குத் துட்டு கெடையாதுலா."